உள்பக்கம் ஒட்டுகிற ஃபிலிம்

என் அக்கா கணவர் கார் கண்ணாடிகளுக்கு சன் ஃபிலிம் ஒட்டுகிறவர். கடைத்தெருவில் அவருக்குப் பெயரே ‘ஃபிலிம்’தான். ஒரு குமிழி, ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டுவார். அடுத்தவன் ஒட்டிய காரைக் கண்டால் நடுரோடு என்றும் பார்க்காமல் நின்று உச்சுக்கொட்டுவார். அவர் வீட்டு ஜன்னல், குளியலறைக் கதவு, மைக்ரோவேவ் எல்லாம் கறுப்பு. பட்டப்பகலில் விளக்கைப் போட்டுத்தான் அக்கா காய் நறுக்குகிறாள்.

அந்த வீட்டுக்கு ஒரு டெலஸ்கோப் வந்து சேர்ந்தது. வீடு மாறிப்போன பக்கத்து வீட்டுக்காரர் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிற சூரிய கிரகணத்தை இதில் பார்த்தே தீருவேன் என்று நின்றாள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இடது கண் பார்வை போய்விட்டது. இருப்பது வலது கண் ஒன்றுதான்.

“அத்தான், இதுக்குன்னே சோலார் ஃபில்டர் விக்கிறாங்க. வாங்கிடலாம்,” என்றேன்.

“சோலார்னா என்னம்மா?”

“சூரியன்.”

“சூரியன்னா சன். அப்ப நான் இத்தனை வருஷமா என்ன, போஸ்டரா ஒட்டிக்கிட்டு இருக்கேன்?”

கடையில் இருப்பதிலேயே கறுப்பான ஃபிலிமை அடுக்கடுக்காக வெட்டி, கண் வைத்துப் பார்க்கும் முனையில் ஒட்டினார். வெளிச்சம் நுழைகிற வாயில்தான் ஃபில்டர் மாட்ட வேண்டும் என்று கூடவே வந்த புத்தகத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினேன்.

“எழுதினவனுக்குத் தொழில் தெரியாது. ஃபிலிமை எப்பவும் உள்பக்கம்தான் ஒட்டணும். வெளியில ஒட்டினா மழையில உரிஞ்சிடும்.”

“மழையில யாரு அத்தான் சூரியனைப் பார்க்கப் போறா?”

ஒட்டிய ஃபிலிமை விரலால் நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் மொட்டைமாடியில் ஒத்திகை. தரையில் விழுந்த டெலஸ்கோப் குழாயின் நிழலைப் பார்த்துப் பார்த்துத் திருப்பி, சூரியனுக்கு நேராக நிறுத்தினார். “வா, வா, சீக்கிரம்!” என்று அக்காவைக் கூப்பிட்டார். அக்கா நின்று நிதானமாகக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அதற்குள் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. ஃபிலிம் நடுவில் பொசுங்கி ஓட்டையாகி, வெளிச்சம் பளீரென்று வெளியே அடித்தது.

கொண்டையில் வைத்த கையை அக்கா எடுக்கவில்லை. கிளம்ப ஒரு யுகம் ஆக்குகிறாள் என்று அவளைத் தினமும் திட்டுகிற மனிதர், குழாயை வேறு பக்கம் திருப்பிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். முகத்தைப் பார்த்ததும், அவருக்குத் தண்ணீர் எடுத்து வரக் கீழே போனேன்.

சாயங்காலமே என்னையும் இழுத்துக்கொண்டு டெலஸ்கோப் கடைக்குப் போனார்.

“கறுப்பா இருந்தா மட்டும் போதாது சார்,” என்றாள் கடைக்காரப் பெண். “கண்ணுக்குத் தெரியாத கதிரும் இருக்கு. அது கண்ணுக்கு உள்ள சுட்டாலும் வலி தெரியாது. தரச்சான்று உள்ளதா வாங்கி, குழாய் வாயில வெளிப்பக்கமா மாட்டுங்க.”

“வெளிப்பக்கமா...” என்று முனகினார்.

அவள் எடுத்து வைத்த ஃபில்டரைக் கண்டதும் முகம் கோணியது. வெள்ளி நிறத் தாள், அங்கங்கே சுருக்கம். “யாரும்மா இதை ஒட்டினது? வேலை கத்துக்காதவனா?”

“அது தொளதொளன்னுதான் இருக்கணும் சார். இழுத்து ஒட்டினா படம் கெட்டுப்போகும்.”

இந்த மனிதருக்கு இதைவிடப் பெரிய தண்டனை யாராலும் கொடுக்க முடியாது. ஃபில்டரை விளக்குக்கு நேரே பிடித்து, ஊசி ஓட்டை, கீறல் எதுவும் இருக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். கடை வாசலில் நின்ற காவலாளியையும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஃபில்டரை வாயில் மாட்டி, காற்று தூக்காமல் சுற்றிலும் டேப் ஒட்டினார். குறிபார்க்க மேலே இருந்த குட்டிக் குழாயையும் மூடினார். சுருக்கத்தைத் தடவிவிட விரல் அடிக்கடி போகும், தானே இழுத்துக்கொள்வார். அக்கா குனியும்போது “இரு” என்று அவளை நகர்த்திவிட்டுத் தானே கண்ணை வைத்தார். வைத்தவர் எடுக்கவே இல்லை. அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

“அது என் டெலஸ்கோப்புங்க!”

அத்தான் நிமிர்ந்தார். பார்த்த கண்ணைச் சிமிட்டி, மற்றதைக் கையால் பொத்திக்கொண்டு, அக்கா முகத்தையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“ம், இப்ப நீ பாரு,” என்றார்.

“அதென்ன, முதல்ல நீங்க?”

“எனக்கு ரெண்டு இருக்குல்ல.”