கொப்பரையில் போன மாமியாரும் மாப்பிள்ளையும்

எங்கள் மாப்பிள்ளையிடம் எட்டு வருஷமாக நான் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசினது இல்லை. சண்டை கிண்டை எதுவும் கிடையாது. மாமியார் என்றால் மாப்பிள்ளை எதிரில் உட்காரக் கூடாது, முகம் பார்த்துப் பேசக் கூடாது என்று எங்கள் வீட்டுப் பழக்கம். எதிர் வீட்டுக்காரி அவள் மாப்பிள்ளையோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே டி.வி. பார்க்கிறாள். எனக்கு அது வராது. நான் பிறவியிலேயே கூச்சக்காரி. மகள் கல்யாண போட்டோவில் கூட நான் திரும்பித் தான் நிற்கிறேன். கொண்டை மட்டும் நன்றாக விழுந்திருக்கிறது.

பேசுவதற்கு நடுவில் ஓர் ஆள் வேண்டுமே. மகளுக்குத் திருப்பதியில் ஒரு துணிக்கடையில் வேலை. காலை பஸ்ஸுக்குப் போனால் விளக்கு வைத்த பிறகு தான் வருவாள். அதனால் பகலில் எங்களுக்குத் தபால்காரி என் பேத்தி. ஒன்றாவது படிக்கிறாள். "பாப்பா, நைனாவ வந்து துன்ன சொல்லு" என்பேன். அவள் நைனா, அதான் எங்கள் மாப்பிள்ளை, இரண்டடி தள்ளி தான் நிற்பார். காதில் விழாமல் இருக்குமா? இருந்தாலும் பாப்பா சொல்லட்டும் என்று காத்திருப்பார். அவள் சும்மா சொல்வாளா? "நைனா, ஆயா துன்ன கூப்டுது. அப்புறம் எனக்கு கடையில பட்டாணி வாங்கியாரணுமாம்." நான் அப்படிச் சொல்லவில்லை என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது? பட்டாணி வந்துவிடும்.

மாப்பிள்ளைக்கு ஊர் திருத்தணி பக்கம். என் வீட்டுக்காரர் போன பிறகு எங்களுக்கு ஆம்பளைத் துணை இல்லை என்று இங்கேயே வந்துவிட்டார். திருப்பதி பக்கம் புத்தலப்பட்டிலிருந்து உள்ளே தள்ளின சின்ன ஊர் எங்களது. ஊர் ஓரத்தில் இருக்கிற வெல்லக் கொட்டாயில் பாகு காய்ச்சுவது அவர் வேலை. பாகு கொதிக்கிற கொப்பரைப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஆள் உயரத் துடுப்பைப் போட்டுக் கிண்டிக்கொண்டே, பாப்பாவின் இங்கிலீஷ் பாட்டைச் சத்தம் போட்டுப் பாடுவார். கேட்டால், அவளுக்கு மறந்து போனால் எடுத்துக் கொடுக்க வேண்டாமா என்பார். தினமும் நாலு மணிக்கு ஸ்கூல் பெல் அடிக்கும்போது வாசலில் நிற்பார். கையெல்லாம் வெல்லமாக இருக்கும், அவளும் அந்தக் கையைத் தான் பிடித்துக்கொண்டு வருவாள். ஒரு நாள் கூடப் பிந்தினதில்லை. ஊர்ப் பெண்கள் "இன்னாப்பா, புள்ளைய பெத்தது நீயா உம் பொண்டாட்டியா?" என்று கேலி பண்ணுவார்கள். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் வெட்கமாகத் தான் இருந்தது. அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அந்தக் கார்த்திகை மாசம் மழை பிடித்துக்கொண்டது பாருங்கள், மூன்று நாள் விடவில்லை. திருப்பதியில் ரோடெல்லாம் வெள்ளம், பஸ் கிடையாது. மகள் கடை மாடியிலேயே மற்ற பெண்களோடு தங்கிவிட்டாள். போன் பண்ணி அழுதாள். பாப்பா போனை வாங்கி, "அம்மா மாட்டிக்கினா மாதிரி நைனாவும் மாட்டிக்குமா?" என்று கேட்டாள். நைனா சொன்னார்: "நான் மாட்டமாட்டேன். எந்த மழை வந்தாலும் பெல் அடிக்கும்போது வாசல்ல நிப்பேன்."

நாலாம் நாள் காலை வெயில் அடித்தது. மழை விட்டது என்று நினைத்துப் பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பினோம். ஸ்கூல் இருப்பது எங்களுக்கு எதிர் மேட்டில். நடுவில் பள்ளத்தில் கரும்பு வெட்டி முடித்த கொல்லைகள். பதினொரு மணிக்கு மறுபடி மழை. சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்து பள்ளம் முழுக்க ஒரே தண்ணீர். ஆம்பளைகள் எல்லாரும் மணல் மூட்டை தூக்கிக்கொண்டு ஏரிக் கரைக்கு ஓடினார்கள். டீச்சரம்மா போன் பண்ணினார்: வந்ததே ஆறு பிள்ளைகள், ஆறும் பத்திரம், ஸ்கூலுக்குத் தண்ணீர் ஏறாது, நாளைக்கு வடிந்த பிறகு வந்து கூட்டிப்போங்கள்.

மற்ற ஐந்து வீட்டிலும் பெருமூச்சு விட்டார்கள். எங்கள் மாப்பிள்ளை ஏரிக் கரையிலிருந்து ஓடி வந்தார். "நாளைக்கா? நாலு மணிக்கு அது வாசலப் பாத்துக்கினு நிக்குமே" என்றார். ஆளுக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரைப் பார்த்தார், கொட்டாயைப் பார்த்தார். அங்கே கொப்பரை இருந்தது. பெரிய வட்டக் கொப்பரை, நாலு பேர் உள்ளே உட்காரலாம். அதை நிமிர்த்தி, லாரி டயர் மாதிரி உருட்டிக்கொண்டு வந்து தண்ணீரில் விட்டார். மூன்று பெண்கள் கை கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு, மாடியில் ஏறி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

துடுப்பு கையில் இருந்தது. ஆனால் கொப்பரை வட்டம் இல்லையா? இந்தப் பக்கம் ஒரு தள்ளு தள்ளினால் அது முன்னே போகாமல் நின்ற இடத்தில் சுற்றியது. அந்தப் பக்கம் தள்ளினால் திருப்பிச் சுற்றியது. மூன்று தடவை கிளம்பினார், மூன்று தடவையும் கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்தார். மாடியில் சிரிப்பு. "சாமி சுத்தி வந்தாச்சு, எறங்கி உண்டியல்ல போடு நைனா!" என்று ஒருத்தி கத்தினாள். எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். எட்டு வருஷத்தில் அன்றைக்குத் தான் சரியாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு சிரிக்க முடியவில்லை.

எதிர்ப் பக்கம் உட்கார்ந்து துடுப்பு போட இன்னோர் ஆள் வேண்டும். அந்தக் கொல்லைகளில் சின்ன வயசிலிருந்து கரும்பு நட்டவள் நான். தண்ணீருக்கு அடியில் வாய்க்கால் எங்கே ஓடுகிறது, எங்கே இழுக்கும் என்று எனக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும், யாரிடமும் சொன்னதில்லை: எனக்கு நீச்சல் வரும். சுவரைப் பார்த்து, "நான் வரேன்" என்றேன். மாடியிலிருந்து எனக்கு நாத்தனார் முறை ஆகிற ஒருத்தி, "வதினா! மாப்ள எதிர்ல உக்காந்தா?" என்றாள்.

கொட்டாயில் கிடந்த இன்னொரு துடுப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முட்டிக்கு முட்டி. கொப்பரையை அவசரத்தில் கழுவவில்லை. அடியில் பழைய பாகு பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குப் பயந்த கட்டெறும்பு எல்லாம் அதில் தான் குடியேறியிருந்தது. புடவை ஒட்டிக்கொண்டது, எறும்பு வேலையைக் காட்டியது. மாப்பிள்ளை முன்னாடி எங்கே சொறிவது? பல்லைக் கடித்துக்கொண்டு துடுப்பு போட்டேன். அவர் பக்கமும் எறும்பு இருந்திருக்க வேண்டும். அவரும் நெளிந்தார், நானும் நெளிந்தேன், கொப்பரையும் எங்களோடு சேர்ந்து நெளிந்தது.

வழி சொல்ல வேண்டும், பாப்பா நடுவில் இல்லை. தூரத்தில் நின்ற பனைமரத்தைப் பார்த்துச் சொன்னேன்: "பனைமரமே, உன் எடது பக்கமா வந்தா தேவலாம்."

அவர் ஆகாயத்தைப் பார்த்தார். "மழையே, எடது பக்கம் தான் போய்க்கினு இருக்கேன்னு சொல்லு."

"பனைமரமே, இது எடது இல்ல."

"மழையே, கொப்பர சுத்திச்சின்னா எடதும் வலதும் மாறிப் பூடுது, நான் இன்னா பண்றது?"

இப்படியே பனைமரமும் மழையும் பேசிக்கொண்டு பாதி தூரம் வந்தோம். தலை கிறுகிறு என்று சுற்றியது. ஸ்கூல் ஒரு தடவை அவர் முதுகுக்குப் பின்னால் தெரியும், அடுத்த தடவை என் முதுகுக்குப் பின்னால் போய்விடும். சின்னப் பிள்ளையில் ராட்டினம் ஏறினது மாதிரி இருந்தது. சிரிப்பை அடக்கினால் விக்கல் வந்தது.

அப்போது தான் வாய்க்கால் எங்களை இழுத்தது. கொப்பரை ஒரு பக்கம் சாய்ந்து வேகம் எடுத்தது. கீழே போனால் பாலத்துக் குழாய், உள்ளே இழுத்துவிடும். பனைமரத்திடம் சொல்ல நேரம் இல்லை.

"டேய்! துடுப்ப எட்த்து இந்தாண்ட போடுடா! அழுத்துடா! பலமா!"

போட்டார். பாகு கிண்டுகிற தோள் அது, ஒரே அழுத்து. நானும் என் பக்கம் அழுத்தினேன். கொப்பரை உதறிக்கொண்டு வெளியே வந்து சோளக்கொல்லை மேட்டில் முட்டி நின்றது. இரண்டு பேரும் மூச்சு வாங்கினோம். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். மாப்பிள்ளையை டேய் என்று கூப்பிட்ட மாமியார் எங்கள் ஜில்லாவிலேயே உண்டா? அவர் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கினார். அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரிப்பு! "சொல்லு அத்தை, இன்னும் எப்பிடிப் போவணும்? டேய்னே சொல்லு, சீக்கிரம் போய்டலாம்" என்றார். என் முகத்தைப் பார்த்துத் தான் சொன்னார்.

அதற்கப்புறம் நான் நிறுத்தவில்லை. "வலது! ஐயோ, எனக்கு வலது இல்ல, உனுக்கு! மெள்ளடா!" என்று ஸ்கூல் மேடு வரைக்கும் கத்திக்கொண்டே போனேன். எட்டு வருஷத்துப் பேச்சை ஒரே மத்தியானத்தில் பேசி முடித்தேன்.

மேட்டில் இறங்கும்போது மணி நாலரை ஆகிவிட்டது. அவர் சிரிப்பு அங்கேயே நின்றுபோனது. "பிந்திட்டேன் அத்தை" என்றார். கொப்பரையை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். நான் ஒட்டின புடவையைப் பிய்த்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

வாசலில் டீச்சரம்மா பெல் அடிக்கிற இரும்புக் கம்பியோடு நிற்கிறார். அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள் என் பேத்தி.

"அரை மணியா என்னை பெல் அடிக்க விடல" என்றார் டீச்சரம்மா. "நைனா வந்தா தான் அடிக்கணுமாம்."

பாப்பா கையை விட்டாள். "இப்ப அடிங்க மேடம்."

பெல் அடித்தது. அவர் வாசலில் நின்றார். பிந்தவில்லை. குனிந்து அவளைத் தூக்கினார், மழைத் தண்ணீர் தான் என்று சொல்லிக்கொண்டு முகத்தைத் துடைத்தார். அவள் அவர் சட்டையை முகர்ந்து, "எறும்பு!" என்றாள்.

கூட்டிக்கொண்டு திரும்பலாம் என்று பார்த்தால், மற்ற ஐந்து பிள்ளைகளும் சுவரோரம் வரிசையாக நிற்கிறார்கள். எல்லார் கண்ணும் வாசல் மேலே. யாரும் அழவில்லை, அதைத் தான் தாங்க முடியவில்லை. மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார்.

"ஒரு புள்ளைய மட்டும் எப்பிடி அத்தை இட்டுக்கினு போறது?"

"போவ வேணாம்" என்றேன். "ஸ்கூல்லயே அரிசி இருக்குது, பருப்பு இருக்குது. நான் சோறாக்கறேன்."

டீச்சரம்மாவும் நானும் அடுப்பு பற்றவைத்தோம். மகளுக்குப் போன் போட்டோம். பாப்பா பிடுங்கிக்கொண்டு, கொப்பரை, எறும்பு, நைனாவுக்கு ஆயா டேய் சொன்னது, எல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்தாள். அதை அவளுக்கு யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. "நெஜமாவா? அம்மாவா?" என்று அங்கே மகள் அலறுகிறாள். மாப்பிள்ளை போனை வாங்கி, "மழை சத்தம், எனக்கு ஒன்னும் காதுல விழல" என்றார். நான் பருப்பை வேகமாகக் கடைந்தேன்.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. ஐந்து பிள்ளைகளில் சின்னது ஒன்று அவர் பக்கத்தில் வந்து நின்று மெள்ளக் கேட்டது: "எனுக்கும் பெல் அடிச்சா வருவியா?"

அவர் எழுந்தார். நனைந்த சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மழையில் வெளியே போய், சுவருக்குப் பின்னால் மறைந்து நின்றார். டீச்சரம்மா கம்பியை அந்தப் பிள்ளை கையிலேயே கொடுத்தார். பெல் அடித்தது. அவர் ஓடி வந்து வாசலில் நின்று அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். இறக்கிவிட்டு மறுபடி வெளியே போனார். ஐந்து பெல், ஐந்து தடவை, ஒரு தடவை கூட நடந்து வரவில்லை, ஓடித் தான் வந்தார். நான் கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சோறு கொஞ்சம் அடி பிடித்துவிட்டது.