பள்ளம் எழும்பவில்லை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். சத்தியம் பண்ணிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. போன பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, டுலூத் ஆஸ்பத்திரியில், பட்டப்பகலில் எனக்கு நடந்தது இது.

என் தங்கை லின்னியாவுக்கு முப்பத்தொரு வயது. மூளையில் சேரும் நீரை வயிற்றுக்கு இறக்கிவிட, கைக்குழந்தையாக இருந்தபோதே அவள் தலைக்குள் ஒரு குழாய் வைத்திருந்தார்கள். வலது காதுக்குப் பின்னால், தோலுக்கடியில், அதன் குமிழ் கையில் தட்டுப்படும். தலைவலியும் வாந்தியுமாக நான்கு நாளில் மூன்றாவது தடவை அவளைக் கூட்டிக்கொண்டு ஓடியிருந்தேன்.

"ஸ்கேன்ல மாற்றமே இல்லைங்க. ஒற்றைத் தலைவலிதான்," என்றார் இளம் டாக்டர்.

"அவருக்கு வேணா ஒற்றைத் தலைவலியா இருக்கும்க்கா," என்று முனகினாள் லின்னியா. "எனக்குக் குழாய் அடைச்சிருக்கு."

அவர் சிரித்துவிட்டுப் போனார். மணி 2.10. அழைப்பு மணியை ஏழு தடவை அழுத்தினேன். ஒருவரும் வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. லின்னியா கண்ணை மூடிவிட்டாள்.

2.26. திரும்பினால், கட்டிலருகே ஒரு பெண். சாம்பல் நிற ஸ்வெட்டர். நர்ஸ் என்று நினைத்தேன். கதவுச் சத்தம் கேட்கவில்லை...

லின்னியாவின் காதுக்குப் பின்னால் விரலை வைத்து அழுத்தினாள்.

"குமிழ்ல பள்ளம் விழுது. திரும்ப எழும்பல. மேல அடைச்சிருக்கு. போய்ச் சொல்லு."

"நீங்களே சொல்லுங்களேன்."

"சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு."

அந்தப் பெண்ணின் கழுத்தோரம் ஈரம். சொட்டுச் சொட்டாக... தரையில் ஒரு துளி இல்லை.

மானிட்டரின் பீப் சத்தம்... நின்றிருந்தது.

கண் சிமிட்டினேன்.

யாருமில்லை.

பீப்... பீப்...

வராந்தாவில் ஓடி அந்த டாக்டரின் சட்டையைப் பிடித்தேன். "ஒரு தடவை அழுத்திப் பாருய்யா. அப்புறம் என்னைத் திட்டு."

வந்து அழுத்தினார். முகம் மாறியது. 3.40க்கு ஆபரேஷன். குழாயின் மேல்முனை அடைத்திருந்தது. "இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா..." என்றார் சர்ஜன்.

வியாழக்கிழமை லின்னியா தெளிவாகப் பேசினாள்.

"அந்தம்மாவை ஏன்க்கா அவ்வளவு கத்தவிட்ட?"

"எங்கடி கத்தினா? ரெண்டு வார்த்தைதான் பேசினா."

"சனிக்கிழமையும் வந்தா. ஞாயிற்றுக்கிழமையும் வந்தா. உன் காதுக்குள்ளதானே கத்தினா... கேக்கலையா?"

சனியும் ஞாயிறும் நாங்கள் போனது இந்த ஆஸ்பத்திரிக்கே இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம், விஸ்கான்சினில்... வேறு ஊர்.