தலைவர்மேல் ஒரு முறைப்பாடு

இத்தாலியில், பலேர்மோவில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு என்னை உபதலைவராக்கியது, நான் வாய் திறக்காதவள் என்பதற்காகத்தான். என் பெயரைச் சொன்னவர் தலைவர் அண்ணை. குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்துக்குக் கூட்டிப்போய் என் பெர்மெஸ்ஸோவை, அதாவது வதிவிட அனுமதியை, எடுத்துத் தந்தவரும், நான் இப்போது துப்புரவு செய்யும் வீட்டைப் பிடித்துத் தந்தவரும் அவரே. சிஞ்ஞோராக்களுக்கு, அந்த வீட்டுக்காரப் பெண்களுக்கு, வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் அவருக்குத்தான் அழைப்பு வரும்.

போன கோடையில் ஓர் அக்கா கூட்டத்தில் எழுந்து, "தேர்தலை எப்ப வைக்கப் போறீங்கள்?" என்று கேட்டார். அடுத்த கிழமை, கடற்கரைப் பக்கம் மொண்டெல்லோவில் அவர் வேலை செய்த வீட்டில் இனி வரவேண்டாம் என்றுவிட்டார்கள். அக்காவை நம்ப முடியாதென்று தலைவர் அந்த வீட்டுக்குப் போன் எடுத்துச் சொன்னாராம். அந்தச் சிஞ்ஞோராவே அதை அக்காவிடம் சொல்லிவிட்டார். அக்கா சங்கத்தில் முறைப்பாடு கொடுத்தார்.

தலைவர்மேல் முறைப்பாடு வந்தால் உபதலைவர்தான் கூட்டத்தை நடத்த வேண்டும் என்பது எங்கள் விதி. ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்துக்குப் போனால், அண்ணை வழக்கம்போல நடுக்கதிரையில் இருக்கிறார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"அண்ணை, கொஞ்சம் எழும்புங்கோ."

"அட, தங்கச்சிக்குக் கதைக்கவும் தெரியுமோ?"

சிலர் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் நகராமல் நின்றேன். அவர் எழுந்து கீழே போய் இருந்தார்.

"ஆளை வெளியிலை அனுப்புங்கோ!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"இல்லை, அவரும் கதைக்கோணும்," என்றேன்.

அண்ணை எழுந்தார். "ஓம், நான்தான் போன் எடுத்தன். கோவத்திலை சொல்லிப்போட்டன். நான் விலகிறன், இதோடை விடுங்கோ." குரல் உடைந்தது.

"பாவம், விடுவம்," என்றார்கள் பலர். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அக்கா விடவில்லை. "எனக்கு வேலை போகேக்கை ஒருத்தரும் பாவம் எண்டேல்லை. முடிவையும் அவரே எடுக்கிறதெண்டால் நாங்கள் என்னத்துக்கு இஞ்சை இருக்கிறம்?"

அக்கா சொன்னது சரி. தலைவரை நீக்க விரும்புகிறவர்களைக் கை தூக்கச் சொன்னேன். அக்காவின் கை மட்டும் எழுந்தது. மற்றவர்கள் குனிந்துகொண்டார்கள். பாதிப் பேருக்கு அண்ணை பிடித்துக் கொடுத்த வேலை. எனக்கும்தான். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் கையைத் தூக்கினேன். அதன் பிறகுதான் மற்றக் கைகள் ஒவ்வொன்றாக வந்தன.

அக்காவுக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை நான் பயந்து பயந்துதான் வேலைக்குப் போனேன். சிஞ்ஞோரா கதவைத் திறந்து, முதலில் குளியலறையைக் கழுவச் சொன்னார். அண்ணை அவருக்குப் போன் எடுத்திருக்கவில்லை.