நாற்பத்தொரு படங்களில் ஒன்று

கள்ளக்குறிச்சியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் சிலர் சேர்ந்து ஒரு புகைப்படப் போட்டி அறிவித்திருந்தார்கள். படம் எடுத்துப் பிழைக்கிறவர்களுக்கு இடமில்லை. என்னைப் போல ஆசைக்கு எடுக்கிறவர்கள் மட்டும். ஆளுக்கு மூன்று படம். நம் மாவட்டம், நம் மக்கள் என்று தலைப்பு.

எனக்கு மூங்கில்துறைப்பட்டில் கரும்பு ஆலையில், எடைமேடையில் வேலை. கல்யாணத்துக்கு முன்பே ஒரு பழைய கேமரா வாங்கி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். எடுத்த படங்களை யாருக்கும் காட்டியதில்லை. போட்டி என்றதும் ஆசை வந்துவிட்டது.

முதல் படத்தைச் சுலபமாக எடுத்துவிட்டேன். விடியற்காலைப் பனியில் ஆலை வாசலில் வரிசையாக நிற்கும் கரும்பு வண்டிகள். இரண்டாவது, மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில் பெண்கள் நாற்று நடுவது. மூன்றாவதுதான் அமையவில்லை. என்னோடு எடைமேடையில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம் படங்களைக் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“நல்லாத்தான்பா கீது. ஆனா இதெல்லாம் எல்லார் போன்லயும் கீற படம். மொகம் தெரியற மாதிரி ஒண்ணு இல்லியா உங்கிட்ட?”

இருந்தது. கம்ப்யூட்டரில், ஒரு வருடமாக நான் திறக்காத ஒரு கோப்பில் இருந்தது. மலைக்குப் போன அன்று எடுத்தவை.

போட்டிக்கு முந்தைய வருடம், ஆலையில் கரும்பு அரவை தொடங்குவதற்கு முன் கிடைத்த கடைசி ஓய்வு ஞாயிறு. என் மனைவிக்கு அப்போது மூன்றாம் மாதம். மழை விட்டு கல்வராயன் மலையில் பனி இறங்கியிருக்கும், இன்றைக்கு விட்டால் பிறகு ஆறு மாதத்துக்கு நகர முடியாது என்று நான்தான் சொன்னேன். அவள் தயங்கினாள். “வண்டியிலயா?” என்றாள். மெதுவாக ஓட்டுகிறேன் என்றேன். சங்கராபுரம் வழியாகப் போய் மலை ஏறினோம். மெதுவாகத்தான் ஓட்டினேன்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் நிறுத்தினேன். பள்ளத்தாக்கிலிருந்து பனி எழுந்து சாலைக்கு வந்துகொண்டிருந்தது. அவளைக் கைப்பிடிச் சுவரில் உட்காரச் சொன்னேன். பனி விலகினால் பின்னாலிருந்து வெயில் விழும், அதற்காகக் காத்திருந்தேன்.

“போலாமாங்க?” என்றாள்.

“ஒரு நிமிசம்.”

கொஞ்ச நேரம் கழித்து, “அடிவயிறு ஒரு மாதிரி இழுக்குதுங்க” என்றாள். மேடு ஏறியதால் இருக்கும் என்றேன். அப்படியே இரு, அசையாதே, வெளிச்சம் வருகிறது என்றேன். மூன்றாவது முறையும் கேட்டாள். அதற்கு நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஒன்றும் சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

மலை இறங்கும்போதே அவள் என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அங்கிருந்து நேராகக் கள்ளக்குறிச்சிக்குப் போனோம். சாயங்காலம் ஆஸ்பத்திரியில் கரு கலைந்துவிட்டதாகச் சொன்னார்கள். டாக்டரம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டு வைத்துப் பொறுமையாகப் பேசினார். கரு சரியாக வளரவே இல்லை, வண்டியில் போனதால் வந்தது அல்ல, வீட்டிலேயே இருந்திருந்தாலும் இது நடந்திருக்கும் என்றார். மனைவி தலையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

மறுநாள் காலை ரிஷிவந்தியம் பக்கத்து ஊரிலிருந்து அம்மா பஸ் பிடித்து வந்தாள். எங்கள் குடும்பத்தில் அம்மா சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது. அப்பா போன பிறகு களை எடுத்து, கரும்பு வெட்டி என்னைப் படிக்க வைத்தவள். வார்டுக்குள் வந்து கட்டில் ஓரம் நின்றாள்.

“மூணு மாசத்துல மலையப் பாக்கணும்னு உனக்கு இன்னாம்மா அப்பிடி ஒரு ஆச? புருசன் கூப்ட்டுகினு போவான்னு நீயா கேட்டுடறதா?”

நான் கையில் பால் பிளாஸ்குடன் நின்றுகொண்டிருந்தேன். மனைவி என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் பிளாஸ்கின் மூடியைத் திறக்க ஆரம்பித்தேன்.

“தெரியாம பண்ணிட்டேன் அத்த” என்றாள்.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. அம்மா அதை ஊர் முழுக்கச் சொன்னாள். கோயில் வாசலில், ரேஷன் கடையில், உறவுக் கல்யாணங்களில். “ஊரு சுத்தற காலு. அதுக்கு வயித்துல எப்பிடி நிக்கும்?” என்று என் காதுபடவே ஒரு முறை சொன்னாள். மனைவி பக்கத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. வயதானவள், இன்று சொல்லி என்ன ஆகப்போகிறது, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு வருடம் அப்படியே ஓடியது.

போட்டிக்காக அந்தக் கோப்பைத் திறந்தது ஒரு வேலை நாள் காலையில். எனக்கு மதிய ஷிப்டு. மனைவி நர்சரிப் பள்ளியில் டீச்சர், பள்ளிக்குப் போயிருந்தாள். மொத்தம் நாற்பத்தொரு படங்கள். ஒவ்வொன்றின் கீழேயும் எடுத்த நேரம் இருந்தது. முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையே இருபத்திரண்டு நிமிடம். என் நினைவில் அது ஐந்து நிமிடமாக இருந்தது.

ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். முதல் சில படங்களில் பனிக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கிறாள். பத்தாவது படத்தில் ஒரு கை இடுப்புக்குப் போயிருக்கிறது. அதற்கப்புறம் அந்தக் கை அங்கிருந்து நகரவே இல்லை. இருபதைத் தாண்டியதும் உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு படத்தில் நேராகக் கேமராவைப் பார்க்கிறாள். என்னிடம் ஏதோ சொல்ல வாய் திறந்திருக்கிறது. அதற்கடுத்த படத்தில் வாய் மூடியிருக்கிறது. முப்பத்தோராவது படத்தில் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். முகம் பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பியிருக்கிறது. முந்தானையை மறு கையில் சுருட்டிப் பிடித்திருக்கிறாள். பனி கிழிந்து அவள் பாதி முகத்தில் வெயில் விழுந்திருக்கிறது. நான் காத்திருந்த வெயில்.

நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. அடுத்த கணமே, அதை வேறு யார் பார்த்தாலும் வலி என்று கண்டுபிடிக்க மாட்டார்கள், யாருக்காகவோ காத்திருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள் என்றும் தோன்றியது. எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் அதைத் தனியாக எடுத்து வைத்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

பெரியவரிடம் காட்டினேன். “யோவ், இதான்யா படம்!” என்றார். விண்ணப்பத்தில் படத்துக்குப் பெயர் கேட்டிருந்தார்கள். ‘காத்திருப்பு’ என்று எழுதினேன்.

அன்று சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். “போட்டிக்கு மூணு படம் குடுத்துட்டேன்.”

“எதெது?”

“வண்டி படம், நடவு படம். அப்புறம் ஒரு மலைப் படம்.”

“மலைன்னா?”

“மலைதான். பனி.”

அவள் எனக்கு ரசம் ஊற்றினாள்.

இரண்டு வாரம் கழித்து போன் வந்தது. அந்தப் படத்துக்கு இரண்டாம் பரிசு. ஒரு கல்யாண மண்டபத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாள் கண்காட்சி; ஞாயிறு மதியம் பரிசளிப்பு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுவும் உண்மை. ஆலை வேலையாகக் கள்ளக்குறிச்சி போகிறேன் என்று சொல்லி, தனியாகப் போய்ப் பரிசை வாங்கி வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

சனிக்கிழமை ஷிப்டு முடிந்து வந்தால் வீடு பூட்டியிருந்தது. போன் எடுக்கவில்லை. ஆறு மணிக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து நடந்து வந்தாள். தோளில் பள்ளிக்குக் கொண்டுபோகும் அதே பை. கூட வேலை செய்யும் டீச்சர் ஒருத்தி கண்காட்சிக்குப் போய், அந்தப் படத்தைப் போனில் எடுத்து அனுப்பியிருக்கிறாள். ‘எவ்வளவு அழகா இருக்கீங்க’ என்று கீழே எழுதியிருக்கிறாள். இவள் உடனே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

உள்ளே வந்து தண்ணீர் குடித்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

“பெருசா போட்டிருக்காங்க” என்றாள்.

“சொல்லலாம்னுதான் இருந்தேன்...”

“அன்னைக்கி நீங்க என்னப் பாக்கலன்னுதான் இத்தினி நாளா நெனச்சுகினு இருந்தேன். மெசினத்தான் பாத்துகினு இருந்தீங்க, என்னப் பாக்கலன்னு. ஆனா நல்லாத்தான் பாத்துருக்கீங்க.”

எடுக்கும்போது எனக்குத் தெரியாது என்றேன். சத்தியமாகத் தெரியாது என்றேன்.

“சரி. போட்டிக்கு எடுத்துக் குடுக்கும்போது?”

நாளை காலை முதல் வேலையாகப் போய் அதைக் கழற்றி வந்துவிடுகிறேன் என்றேன். அவள் வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

“அது இருந்துட்டுப் போவுது. ஊரே பாத்தாச்சு, இனிமே எடுத்து இன்னா? நீங்க உங்க அம்மாகிட்ட போய்ச் சொல்லுங்க. மலைக்கிப் போலாம்னு சொன்னது நாந்தான், அவ வேணாம்னுதான் சொன்னான்னு சொல்லுங்க. அது போதும் எனுக்கு.”

“நீயும் வா.”

“நான் எதுக்கு? என்ன வச்சுகினு சொன்னா நான் சொல்லச் சொல்லி சொல்றீங்கன்னு நெனப்பாங்க.”

ஞாயிறு காலைப் பூசை முடிந்து நேராக அம்மாவின் ஊருக்கு வண்டியை விட்டேன். அம்மா பின்கட்டில் ஆட்டுக்கு வேப்பந்தழை கட்டிக்கொண்டிருந்தாள். பரிசைப் பற்றி அவளிடம் மட்டும் போனில் சொல்லியிருந்தேன்; அதை வாங்கப் போகும் வழியில் வந்திருக்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். நின்றபடியே சொல்லிவிட்டேன். சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு வருடம் சொல்லாமல் இருந்த விஷயம்.

அம்மா தழையைக் கீழே போட்டாள்.

“அப்ப ஆஸ்பத்திரில நான் அந்தப் பொண்ண அப்பிடிக் கேக்கறேன், நீ பக்கத்துலதான நின்னுகினு இருந்த?”

“ஆமாம்மா.”

“ஊரு பூரா பேசிட்டேனேடா அவள. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

பிறகு, மலையில் எடுத்துப் பரிசு வாங்கிய படத்தைக் காட்டச் சொன்னாள். போனில் காட்டினேன். கையால் வெயிலை மறைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிள்ளை பெற்றவள்; படத்தின் பெயர் அவளை ஏமாற்றவில்லை.

“இவ்ளோ வலியோட உக்காந்துகினு இருக்கா. கூட இருந்த உனுக்குத் தெரியலியாடா?”

“தெரியலம்மா” என்றேன். தெரியவில்லை என்பது நிஜம்தானா என்று அப்போதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. அவள் மூன்று முறை கேட்டாள். காது கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

கள்ளக்குறிச்சி போய்ச் சேர்ந்தபோது பரிசளிப்பு முடிந்து, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். “இன்னா சார் நீங்க, மைக்குல கூப்ட்டு கூப்ட்டுப் பாத்தோம்” என்றார் ஏற்பாடு செய்தவர். கேடயத்தையும், சட்டம் போட்ட படத்தையும் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். வீட்டில் பீரோவுக்கு மேலே வைத்தேன். “சொன்னீங்களா?” என்று மட்டும் மனைவி கேட்டாள். சொன்னேன் என்றேன். தலையாட்டிவிட்டு நோட்டுத் திருத்தப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை அம்மா வந்தாள். ஒரு பை நிறைய முருங்கைக்கீரை. அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை, அன்றும் கேட்கவில்லை. நேராகச் சமையலறைக்குள் போய் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து கீரையை உருவ ஆரம்பித்தாள். நான் கூடத்தில் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு அம்மாவின் குரல் கேட்டது. “அவன்தான் ஊமையா இருந்துட்டான். நீயாவது சொல்லியிருக்கலாம்ல கண்ணு?”

“உங்க புள்ளையே சொல்லுவாருன்னு இருந்தேன் அத்த.”

அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. இரண்டு பேரில் யார் அழுகிறார்கள் என்று சரியாகத் தெரியவில்லை. உள்ளே போயிருக்க வேண்டும். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். நேரம் ஆகவில்லை. ஆலை வாசலில் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் சும்மா நின்றிருந்தேன்.