வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடைக்கு நான்தான் கம்ப்யூட்டர் பார்க்கிறேன். இணையத்தில் வரும் ஆர்டரைக் கடையின் பில்லிங்கோடு சேர்த்துவைக்க நடுவில் ஒரு கனெக்டர் உண்டு. அதைப் புது வெர்ஷனுக்கு மாற்றியபோது பழைய செட்டிங்குகளெல்லாம் தானாகவே வந்துவிட்டன. ஒன்றே ஒன்று வரவில்லை. வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை எதையும் அனுப்பாதே என்பது அது. தேவையில்லை, நீக்கட்டுமா என்று கேட்டது. எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் டிபனுக்குப் போகும் நேரமாக இருக்கும் என்று நினைத்து, நீக்கு என்றேன். கனெக்டர் வெளியூர், அதற்குத் தெரியாது. நான் உள்ளூர்.

அந்த வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, ராணிப்பேட்டையில் ஓர் அம்மாவின் போனுக்குச் செய்தி போனது: உங்கள் முகூர்த்தப் புடவை புறப்பட்டுவிட்டது. மகள் கல்யாணத்துக்கென்று நிறமும் கரையும் சொல்லி நெய்யவைத்த புடவை. உடனே கடைக்குப் போன் செய்தார். ராகு காலத்தில் கிளம்பியதைப் பெண்ணுக்குக் கட்ட மாட்டாராம், வேண்டாமாம். முதலாளி போனை என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

புடவை இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது, பில் போட்டால் செய்தி மட்டும் தானாகப் போய்விடும் என்று விளக்கினேன்.

"அப்போ பொய்யா அனுப்பிச்சீங்க?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கூரியர் மூன்றரைக்குத்தான் வரும் என்று வேறு சொல்லித் தொலைத்தேன். அது எமகண்டம்.

போச்சு என்று நினைத்தேன். பிறகு அவரே வழி சொன்னார்.

"பன்னெண்டேகாலுக்கு நல்ல நேரம். கடைய வுட்டு வெளிய எடுத்துக்கினு போய் பக்கத்துல யார்கிட்டயாவது வெச்சிடுப்பா. அங்கேர்ந்து எப்ப வேணா வரட்டும்."

பயணம் போகிறவர்கள் நாள் சரியில்லை என்றால் நல்ல நேரத்திலேயே பையைப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார்கள். அதே ஏற்பாடுதான்.

பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப்போனேன். பொருளை விட்டு நகரக்கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. மடியில் புடவை, ஜெராக்ஸ் மெஷின்மேல் லேப்டாப். பழைய செட்டிங்கைத் திரும்பப் போட்டேன். காரணம் கேட்டது. ராகு காலம் என்று அடித்தேன், மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. அப்புறம் செய்தியை மறுபடி அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"நெஜமாவே கெளம்பிச்சா?"

"கெளம்பிச்சிம்மா" என்றேன்.

கனெக்டர் போட்ட நாளிலிருந்து அந்தச் செய்தி உண்மையாகப் போனது அன்றைக்கு ஒருமுறைதான்.