இரண்டாவது கத்தரீனா

அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பு வைக்க ஓர் இரும்பு ஸ்டாண்டு இருந்தது. கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது என்று இருந்த காலம் அது. தூசி போனால் மெஷின் கெட்டுவிடும் என்பார் மேனேஜர் சார். நாங்கள் வெறுங்காலோடு உள்ளே போவோம். ஏசி குளிரில் பாதம் விறைத்துப்போகும். காலை நாற்காலி மேல் மடித்து வைத்துக்கொண்டுதான் டைப் அடிப்போம். ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் வலது ஓரமாக ஒரு பழுப்பு நிறச் செருப்பு இருக்கும். அதன் கட்டைவிரல் வளையத்தை யாரோ கறுப்பு நூலால் தைத்திருந்தார்கள். அது எங்கள் சூப்பர்வைசர் அக்காவுடையது. அந்த வருடம் காலையில் படியேறி வந்ததும் நான் முதலில் தேடியது அந்தச் செருப்பைத்தான். அது இருந்தால் எனக்கு மூச்சு வரும். இல்லாவிட்டால் அவர் வந்துசேரும்வரை என் விரல் எந்த எழுத்திலும் சரியாகப் படாது.

தொண்ணூறுகளின் கடைசி அது. செங்கல்பட்டில் ரயில் நிலையத்துக்குப் போகும் தெருவில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். பத்தாவதும் டைப்ரைட்டிங் லோயரும் பாஸ் செய்திருந்தால் வேலை கொடுத்தார்கள். அமெரிக்காவில் இருக்கும் சிலர் தங்கள் பாட்டன், பூட்டன் யார் என்று தேடிக்கொண்டிருந்தார்களாம். அந்தப் பூட்டன்மார்கள் நூறு நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்து, அங்கே நிலம் வாங்கிச் சோளமும் கோதுமையும் போட்டு, பன்றி வளர்த்தவர்கள். அவர்களுடைய சர்ச் ஞானஸ்நானப் பட்டியல், அரசாங்கம் எடுத்த குடிக்கணக்கு, கல்லறைக் கல்லில் இருந்த எழுத்து, உள்ளூர்ப் பேப்பரில் வந்த மரணச் செய்தி எல்லாவற்றையும் படம் பிடித்து சி.டி.யில் அனுப்புவார்கள். அதைப் பார்த்து நாங்கள் அடித்துக் கொடுக்க வேண்டும். பிறகு, பட்டியலில் இருக்கும் பிள்ளையும் பேப்பரில் செத்துப்போயிருக்கும் கிழவியும் ஒரே ஆள்தானா என்று பார்த்து ஒரே குடும்ப எண்ணில் சேர்க்க வேண்டும். அந்த ஊரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஆனால் எந்தப் பண்ணைக்காரருக்கு எத்தனை பிள்ளை, எந்தப் பிள்ளை எந்தக் காய்ச்சலில் போனது என்பது எங்களுக்குத் தெரியும்.

அக்காவின் வீடு புதுப்பட்டினத்தில். புருஷனுக்குக் குழாய் வேலை. பிறந்தது செய்யூர் பக்கம், அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த கிறிஸ்தவக் குடும்பத்தில். தினமும் இரண்டு பஸ் மாறி வருவார். எனக்கு இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர். நான் யாரிடமும் வாய் திறக்காதவள். அதனாலேயே என்னைப் பக்கத்து நாற்காலியில் வைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். அவருக்கும் சத்தம் பிடிக்காது. முதலில் பிறந்த பெண் குழந்தைக்கு ரூத் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு வயது முடிவதற்குள் காய்ச்சல் கண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு நாலைந்து வருடங்களாக ஒன்றும் தங்கவில்லை. இப்போது மறுபடி முழுகாமல் இருந்தார். ஆபீசில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டோம். சொன்னால் கலைந்துவிடும் என்பதுபோல ஒரு பயம். ‘நாள் முழுக்க செத்தவங்க சேதியப் படிச்சிகினு இருந்தா வயித்துல கீற புள்ள இன்னாத்துக்கு ஆவும்?’ என்று மாமியார் கேட்பாராம். சம்பளம் வேண்டும், அதனால் அவர் வேலையை விட்டு நிற்கவில்லை. நானே மரணச் செய்திகளை என் பக்கம் இழுத்துக்கொண்டு, ஞானஸ்நானப் பட்டியலை அவர் பக்கம் தள்ளிவிடுவேன். அவர் கவனித்தும் கவனிக்காததுபோல வாங்கிக்கொள்வார்.

அப்படி இருக்கும்போதுதான் சென்னை ஹெட் ஆபீசிலிருந்து ஒரு பெரிய கட்டு திரும்பி வந்தது. நாங்கள் சேர்த்த குடும்பங்களில் பலவற்றைக் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. கோவளத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி, எதற்கும் சிரிக்கிறவள், முதல் தாளைப் பார்த்துவிட்டுக் கத்தினாள்: “இன்னாக்கா இது! ஒண்ற வயசுல செத்துப்போனவ, அப்பறமா கல்யாணம் கட்டிகினு ஏழு புள்ள பெத்துக்கீறா!”

“பேய்க்குக்கூட மாப்ள கெடச்சிட்டான். நம்ம குப்புவுக்குத்தான் ஒருத்தனும் கெடைக்கல” என்றாள் இன்னொருத்தி. குப்பு என்றால் நான்தான். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அக்காவும் சிரித்தார்.

எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த விதி ஒன்றுதான். அப்பா பெயர் ஒன்று, அம்மா பெயர் ஒன்று, பிள்ளை பெயரும் ஒன்று என்றால் ஒரே ஆள்தான். இரண்டு முறை வந்திருந்தால் எழுதியவர் தவறாக எழுதியிருப்பார் என்று ஒன்றாக்கிவிட வேண்டும். அப்படித்தான் ஒன்றாக்கியிருந்தோம். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைக்கு யாராவது ஒரே பெயர் வைப்பார்களா? மறுநாள் சென்னையிலிருந்து ஒரு வரியில் பதில் வந்தது. மேனேஜர் சார் நின்றபடி வாசித்தார். அந்தக் காலத்தில் அந்தக் குடியானவர்கள், ஒரு பிள்ளை இறந்தால் அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு அதே பெயரை வைப்பது உண்டு. ஆகவே இரண்டும் வேறு வேறு ஆள், பிரித்துக் கொடுக்கவும்.

யாரும் அக்காவைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவரைப் பார்க்காமல் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கும். “பிரிக்கிறத நான் பண்றேன் சார்” என்றார் அக்கா. வேண்டாம் என்று நான் மேஜைக்குக் கீழே அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அவர் என் கையை எடுத்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் அதற்கு நேர்மாறு. பிள்ளை தங்காத வீட்டில் அடுத்துப் பிறப்பதைக் குப்பைமேட்டில் கிடத்தி, யாராவது எடுத்துக் கொடுக்க, தவிடு கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். குப்பன், பிச்சை என்று யாருக்கும் வேண்டாத ஒரு பெயர் வைப்பார்கள். எமன் கண்ணில் படாமல் இருக்கத்தான். என் முழுப்பெயர் குப்பம்மாள். பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அந்தப் பெயர் வரும் என்ற பயத்தில்தான் நான் ஊமையாகிப் போனேனோ என்று இப்போதும் தோன்றும்.

ஒரு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி அக்கா கேட்டார்: “ஒனக்கு முன்னாடி பொறந்துதுங்களே, அதுங்க பேரு இன்னா?” எனக்குத் தெரியவில்லை. அதுவரை கேட்டதே இல்லை. அன்று சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன். “வெளக்கு வெக்கிற நேரத்துல இன்னா பேச்சு பேசற” என்று அம்மா எரிந்து விழுந்தாள். அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். கரண்டியைக் கழுவினாள். ரசத்துக்குப் புளியைக் கரைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், “மூத்தது செல்வி. ரெண்டாவதுக்குப் பேரு வெக்கல” என்றாள். அவ்வளவுதான். அந்தப் பண்ணைக்காரர்கள் ஊரில் பிறந்திருந்தால் நான் செல்வியாக இருந்திருப்பேன் என்று அன்றைக்கு வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். பெருமையாக இருந்ததா, பயமாக இருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை.

அக்கா ஒவ்வொரு குடும்பமாகப் பிரித்தார். அவர் தேடியது ஒன்றே ஒன்று என்று எனக்குச் சீக்கிரமே புரிந்துபோயிற்று. அதே பெயரோடு பிறந்த இரண்டாவது பிள்ளை பிழைத்ததா? பெரும்பாலும் பிழைத்திருந்தது. எங்காவது ஒரு பேப்பரில் கிழவனாகவோ கிழவியாகவோ அது இறந்திருக்கும். அப்படி ஒரு மரணச் செய்தி கிடைத்தால் அக்கா முகம் மலரும். ஒருவர் இறந்த செய்தியைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்பட்டவர்கள் எங்களைத் தவிர வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஒரு கத்தரீனாவிடம்தான் அவர் மாட்டிக்கொண்டார். மூத்த கத்தரீனா ஒரு வயது முடியாமல் காய்ச்சலில் போனவள். கல்லறைக் கல்லிலேயே அப்படி எழுதியிருந்தது. அடுத்த கத்தரீனாவுக்கு ஞானஸ்நானம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவளைக் காணவில்லை. பன்னிரண்டு வயதில் அவள் இருக்க வேண்டிய குடிக்கணக்கில் அப்பா இருந்தார், அம்மா இருந்தார், அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். அவள் இல்லை. கல்லறைப் பட்டியலிலும் இல்லை.

“வுட்டுடுக்கா. ஒரு ஆளு தெரியலன்னு போட்டுட்டா போச்சு” என்றேன்.

“எங்கம்மாகூடத்தான் பத்து வயசுல வூட்ல இல்ல. செய்யூர்ல ஒருத்தரு வூட்ல மாடு மேச்சிகினு இருந்திச்சி. அன்னிக்கி எவனாச்சும் வந்து தல எண்ணியிருந்தா, எங்க தாத்தாவுக்குப் பொண்ணே இல்லன்னுதான் எழுதிகினு போயிருப்பான்” என்றார் அக்கா. “இவளும் எவன் வூட்லயோ வேல செஞ்சிகினு கீறா, பாரு.”

உறுதியாகத்தான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து அவர் கை அடிக்கடி வயிற்றின்மேல் போனது. நான் அவருக்கு முன்னால் வந்துவிட ஆரம்பித்தேன். புது சி.டி. வந்தால் முதலில் நான் திறந்து பார்ப்பேன். குழந்தைகளின் கல்லறைப் பட்டியலில் அவள் பெயர் வந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு பக்கமாகத் திருப்புவேன். எங்கோ ஒரு பண்ணையில் எப்போதோ நடந்து முடிந்த காரியம். அதற்கும் புதுப்பட்டினத்து அக்காவின் வயிற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருந்தாலும் பயந்தேன்.

நாள் நெருங்குவதற்கு முன்பே ஒரு காலையில் அந்தச் செருப்பு ஸ்டாண்டில் இல்லை. பத்து மணிக்கும் இல்லை. பஸ்ஸிலேயே வலி எடுத்து, பாதி வழியில் இறக்கி, செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று கோவளத்துப் பெண் வந்து சொன்னாள். அன்றைக்கு அவளும் சிரிக்கவில்லை. மாதம் நிறையாத பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், இன்னும் ஒன்றும் சொல்ல முடியாது என்றார்களாம். மேனேஜர் சார் அக்காவின் வேலையை என்னிடம் கொடுத்தார். போய்ப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அந்த வாரம் முழுவதும் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து கத்தரீனாவைத் தேடினேன்.

அவள் கத்தரீனாவாகக் கிடைக்கவில்லை, அதுதான் விஷயம். அந்தக் காலத்துப் பேப்பர்களில் கல்யாணமான பெண்ணுக்குச் சொந்தப் பெயர் போடுவது குறைவு. மிஸஸ் ஹென்றி இன்னார் காலமானார் என்று புருஷன் பெயர்தான் இருக்கும். தலைப்பைப் பார்த்துத் தள்ளிவிட்டுப் போன ஒரு செய்தியைத் திரும்ப எடுத்து முழுக்கப் படித்தேன். உள்ளே பிறந்த ஊர் இருந்தது, தகப்பன் பெயர் இருந்தது. சிறு வயதிலேயே பக்கத்துப் பண்ணைக்கு வீட்டு வேலைக்குப் போனவர் என்றும், அந்த வீட்டிலிருந்தே கல்யாணம் ஆகிப் போனவர் என்றும் எழுதியிருந்தது. எண்பத்தொரு வயது. கடைசிவரை கோழி வளர்த்தாராம்.

ஆபீஸ் தாள் எதையும் வெளியே எடுத்துப் போகக் கூடாது. அதனால் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டேன். மத்தியானம் பர்மிஷன் கேட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. போய்ச் சேரும்போது குழந்தை இல்லை என்றால் இதை யாரிடம் சொல்வது? குழந்தைகளை வைத்திருக்கும் வார்டின் வாசலில் நிறையச் செருப்புகள் கிடந்தன. பால் கொடுக்க உள்ளே போகிற தாய்மார்கள் கழற்றிப் போட்டவை. நான் நர்சிடம் கேட்கவில்லை. குனிந்து செருப்புகளைப் பார்த்தேன். ஹவாய் செருப்புகளாகவே இருந்தன. ஒருமுறை முழுக்கப் பார்த்துவிட்டேன், இல்லை. மறுபடி சுவரோரமாகப் பார்த்தபோது, ஒன்றின் மேல் ஒன்று கவிழ்ந்து, கறுப்பு நூல் தைத்த பழுப்புச் செருப்பு கிடந்தது. உள்ளே பால் கொடுக்கப் பிள்ளை இருந்தால்தானே அது இங்கே கிடக்கும். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா வெளியே வந்ததும் சொன்னேன்: “கத்தரீனா கெடச்சிட்டாக்கா.”

“எத்தினி வயசு?”

“எம்பத்தி ஒண்ணு.”

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அழுகையும் சிரிப்புமாக இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமியார், “எம்பத்தி ஒண்ணா? நல்ல சாவுதான். யாரு, ஒங்க சைடு சொந்தமா?” என்று கேட்டார்.

“ஆமா அத்தை. கோழியெல்லாம் வளத்துகினு நல்லாதான் இருந்துச்சாம்” என்றார் அக்கா.

குழந்தை தேறியது. ஞானஸ்நானத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். முந்தின நாளே வீட்டில் சண்டை. “போன புள்ள பேர வெச்சி, இதையும் அனுப்பப் பாக்கறியா?” என்று மாமியார் கத்தியிருக்கிறார். “ஜொரம் கொன்னுது அத்தை. பேரு கொல்லல” என்று மட்டும் அக்கா சொன்னாராம். சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பாஸ்டர் தண்ணீரை எடுத்து ரூத் என்று சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டேன். சந்தோஷப்பட வேண்டிய இடம் அது. எனக்கோ யாரோ ஒளித்து வைத்ததை எடுத்து வெயிலில் வைத்துவிட்டதுபோல இருந்தது. குப்பம்மாளுக்கு அவ்வளவு தைரியம்தான் உண்டு. அந்தப் பிள்ளையை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாப்பா என்றே கூப்பிட்டேன். ஒரு வயது தாண்டட்டும் என்று நினைத்தேன். தாண்டிய பிறகும் வாய் வரவில்லை.

ஆபீசை மூடிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அக்கா, பிள்ளையின் படிப்புக்காகச் செங்கல்பட்டுக்கே குடிவந்துவிட்டார். எனக்குக் கீழே பாத்திரக்கடையில் பில் போடும் வேலை. மாடியில் இப்போது டியூஷன் சென்டர் நடக்கிறது. கம்ப்யூட்டருக்கு இப்போதெல்லாம் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. இங்கே தரையில் உட்கார்ந்து படிப்பதால் பிள்ளைகள் கழற்றுகிறார்கள். அதே கண்ணாடிக் கதவு, அதே ஸ்டாண்டு. பாப்பா நாலாவது படிக்கிறாள், அங்கேதான் டியூஷன். சாயங்காலம் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு மாடிக்குப் போவேன். ஊதாப்பூ வைத்த அவள் செருப்பு கீழ்த்தட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்கிவிடுவேன். கடை முதலாளிக்கு இது இன்றுவரை புரிந்ததில்லை.

போன வாரம் ஒரு நாள் நல்ல மழை. ஏறிப் போய்ப் பார்த்தால் ஊதாப்பூ செருப்பு இல்லை. மேல்தட்டிலும் இல்லை, படியிலும் இல்லை. டியூஷன் ஆரம்பித்து வெகுநேரம் ஆகியிருந்தது. தெருவில் பஸ்கள் ஓயாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. என்னை அறியாமல் கதவைத் தள்ளிக்கொண்டு, இத்தனை வருடம் வராத பெயரை, அத்தனை பிள்ளைகளும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்: “ரூத்!”

மூன்றாவது வரிசையில் அவள் எழுந்து நின்றாள். “இன்னா சித்தி, இப்டி கத்தற? செருப்பு வார் அறுந்துபோச்சி. கையில எடுத்தாந்தேன்” என்றாள். பைக்குப் பக்கத்தில், ஒரு பாலித்தீன் கவருக்குள், ஊதாப்பூ நனைந்துபோய்க் கிடந்தது.

அதை வாங்கிக்கொண்டு கீழே வந்தேன். பில் போடும் மேஜை டிராயரில் கறுப்பு நூல் இருந்தது. வாரைத் தைத்து, டியூஷன் முடிவதற்குள் கொண்டுபோய் ஸ்டாண்டில் கீழ்த்தட்டில் வலது ஓரமாக வைத்தேன்.