ஃப்ளாப்பிக்கு வைத்த பொட்டு

தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்கிறேன். ரத்தம் கொடுக்க முன்வந்தவர்களின் பெயர், ஊர், ரத்த வகை எல்லாம் ஒரு ஃப்ளாப்பியில் இருந்தன, நகல் இன்னொன்றில். அந்தத் தைரியத்தில் அவர்கள் எழுதிக் கொடுத்த காகிதங்களைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டேன்.

ஆயுதபூஜையன்று இரண்டையும் சேர்த்தே சாமி முன் வைத்து, நானே சந்தனப் பொட்டும் இட்டேன். ஈரச் சந்தனம் உறையின் திறப்பு வழியாக உள்ளிருக்கும் தகட்டில் இறங்கியது தெரியவில்லை.

மறுவாரம் ஏரியூரிலிருந்து பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு அவசரமாக ரத்தம் தேவைப்பட்டது. இரண்டு ஃப்ளாப்பியும் திறக்கவில்லை.

“யார் வூட்டுக்குப் போவணும்னு மட்டும் சொல்லுங்கம்மா, நான் ஓடிப்போய்க் கூட்டியாறேங்க” என்று கெஞ்சினார் அவள் கணவர். எனக்கு ஒரு பெயர்கூட நினைவில்லை. அவள் பிழைக்கவில்லை.

இப்போது நோட்டிலும் எழுதுகிறேன். ஃப்ளாப்பியின் நகல் ஒன்று என் வீட்டில் இருக்கிறது. திறக்கிறதா என்று வாராவாரம் போட்டுப் பார்க்கிறேன். நோட்டின் முதல் பெயர் அந்தக் கணவருடையது. அவராகவே வந்து பெயர் கொடுத்தார்.